வெறும் வயிற்று ரத்தம்

விழுப்புரத்தில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே என் தமிழ் இங்கே செல்லாது என்று தெரிந்துவிட்டது. பேருந்து நிலைய வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரரிடம், “வேக வெச்ச கடலக்கா என்ன வெலைங்க?” என்று கேட்டேன். கோயம்புத்தூரில் வளர்ந்த நாக்கு. பதினோரு வருடம் ஜெர்மனியில் இருந்தும் திருந்தவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆவி பறக்கும் வேர்க்கடலைக் குவியலைக் கையால் காட்டினேன். “மல்லாட்டையா? மல்லாட்டன்னு கேக்க வேண்டிதானே, இன்னாத்துக்கு இம்மாஞ் சுத்து?” என்று காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அள்ளிப் போட்டார். உப்பு அளவாக இருந்தது. நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தேன்.

நான் வந்தது மல்லாட்டை தின்ன அல்ல, ரத்தம் எடுக்க. என் தொழில் அப்படி. நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் வயதாக ஆக ஏன் தளர்ந்து போகின்றன என்று ஆராய்கிறேன். ஒவ்வொரு வெள்ளணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் உண்டு. நாம் உண்பதையும் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனையும் வைத்து அவைதான் அணுவுக்குச் சக்தி தருகின்றன. வயதானால் அடுப்பு மந்தமாகும். அடுப்பு மந்தமானால் வெள்ளணு சண்டைக்குப் போகாது. சாதாரணக் காய்ச்சல்கூட முதியவர்களைப் படுக்கையில் தள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்ற ஆண்டு விழுப்புரத்தை அடுத்த காணைக்கு அப்பால் ஓர் ஊரில், எழுபதைத் தாண்டியும் வயல் வேலைக்குப் போகும் முப்பது பேரிடம் காலையில் என் ஆய்வுக்காக வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அளந்து எண்களை எனக்கு அனுப்பினார்கள். அந்த முப்பது பேரின் வெள்ளணுக்களும் நாற்பது வயதுக்காரர்களுடையதைப் போல வேலை செய்தன. நான் அளந்த அதே வயது ஜெர்மானியர்கள் பக்கத்தில்கூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். “நம்ப ஆசையாக இருக்கிறது. பத்துப் பேரிடம் மறுபடி எடுத்துக் காட்டுங்கள்” என்று பதில் வந்தது. கட்டுரை வெளிவந்தால் அங்கே என் பணி ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் வருடக் கடைசியில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பத்துப் பேர், ஐந்து நாள். முதல் நாள் திங்கட்கிழமை, விடுதி அறையில் ஸ்டெல்லாவைச் சந்தித்ததோடு முடிந்தது. ஸ்டெல்லா விழுப்புரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். காணைப் பக்கமே சொந்த ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போய்ப் படிக்க வைத்த பெண். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார். சென்ற ஆண்டும் முப்பது பேரிடமும் எடுத்தது அவர்தான். அந்த முப்பது படிவங்களையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது கேள்வி: “இன்று காலை சாப்பிட்டீர்களா?” முப்பதிலும் “இல்லை”.

அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவள் நான். ஆங்கிலப் படிவத்தில் இருந்த மருத்துவச் சொல்லை உடைத்து, யாருக்கும் புரியும்படி ஆக்கியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மறுநாள் காலை அறையில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். நான் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவளுடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “சாப்ட்டயா கண்ணு?” சாப்பிட்டேன் என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு. அன்று அடுத்த பேச்சு, “அந்த வேலை நிக்குமா, நிக்காதா?” என்பது. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

வளவனூர்க்காரரான முருகன் காரை ஓட்டினார். ஐம்பது வயது, வாய் மூடாத மனிதர். காணை தாண்டி இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். ஊர் நூலகத்தின் தாழ்வாரத்தில் ஸ்டெல்லா மேசை போட்டார். ஐந்து பேர் காத்திருந்தார்கள். காலில் வயல் சேறு காயாமல் வந்திருந்தார்கள். ஜெர்மனியில் இதே வேலைக்கு வருபவர்கள் படிவத்தை மூன்று தடவை படித்துவிட்டு வருவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பல் துலக்கும் பசை கணக்கில் வருமா என்று முந்தைய வாரமே கடிதம் எழுதிக் கேட்டார். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டினார்கள்.

பச்சையம்மாள் மட்டும் கேட்டார். எழுபத்தாறு வயது, களையெடுப்பில் ஊரில் அவர் கைக்கு ஈடில்லை என்று ஸ்டெல்லா சொன்னார்.

“போன வருசமும் எடுத்தீங்க. இன்னாதான் பாக்கறீங்க அதுல?”

“நோயோட சண்டை போடற அணு இருக்குதுங்க ரத்தத்துல. அதுக்குள்ள ஒரு அடுப்பு இருக்குது. வயசானா அந்த அடுப்பு சரியா எரியறதில்லை.”

“பொகையுமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகையும். பழுதான மைட்டோகாண்ட்ரியா கக்கும் கழிவுதான் உடம்பில் ஓயாத அழற்சியைக் கிளப்புகிறது என்பதை நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவேன். “ஆமாங்க, புகையும்” என்றேன்.

“என்னுது பொகையுதா?”

“உங்களுது நல்லா எரியுதுங்க.”

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “கேட்டுக்கினியா?” என்றார்.

ரத்தத்தை மூன்று மணி நேரத்துக்குள் திண்டிவனத்தில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் அணுக்கள் சோர்ந்துவிடும், குளிர்ந்தாலும் சோர்ந்துவிடும். பெட்டியில் பனிக்கட்டி வைக்கவே கூடாது. விழுப்புரம் எல்லையில் டயர் படுத்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. “பேஜாரு மேடம். நீங்க ஜல்தியா பஸ்ஸ புடிங்க, நான் பின்னாலயே வர்றேன்” என்று முருகனே ஒரு பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடத்துநர் வந்து மோந்து பார்த்தார்.

“இன்னாம்மா, மீனா?”

“இல்லைங்க.”

“எறாலா? ஐஸு போட்டுருக்கீங்களா?”

“ஐஸ் போடக் கூடாதுங்க.”

“ஐஸு போடாம எடுத்துக்கினு போனா நாறிடும்மா. வண்டியில மத்தவங்க ஒக்கார வேணாமா?”

ரத்தம் என்று சொல்லியிருந்தால் இறக்கிவிட்டிருப்பார். மருந்து என்றேன். நம்பவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி ஊர்ந்தபோது மறுபடியும் வந்து ஒரு தடவை மோந்துவிட்டுப் போனார். பெட்டி திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது கெடுவுக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

வெள்ளணுக்கள் எவ்வளவு ஆக்சிஜன் குடிக்கின்றன என்று அளக்கும் கருவி அங்கே இருந்தது. மாலைக்குள் ஐந்து எண்களும் வந்தன. ஐந்தும் சென்ற ஆண்டைப் போலவே. பச்சையம்மாளின் எண் எல்லாவற்றுக்கும் மேலே. ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லாததால் நான் நாற்காலியைச் சுழற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன். கடைத்தெருவில் இரண்டு பரோட்டாவும், பிறகு வெட்கப்படாமல் இன்னும் இரண்டும் சாப்பிட்டேன். ஜெர்மனியில் பதினோரு வருடமாக எந்த ரொட்டியும் சால்னாவில் இப்படி ஊறியதில்லை.

புதன்கிழமை மிச்சம் ஐந்து பேர். அன்று எனக்கு விழிப்பு சீக்கிரமே வந்தது. மகிழ்ச்சியில் தூக்கம் வராத ரகம். ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குப் போய்விட்டோம். சும்மா நிற்பானேன் என்று, நேற்று ரத்தம் கொடுத்ததில் தலை சுற்றியதா என விசாரிக்க ஸ்டெல்லாவோடு பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பச்சையம்மாளும், அன்று ரத்தம் கொடுக்க வேண்டிய அவருடைய தம்பி ஏழுமலையும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையிலும் சொம்பு. நடுவில் ஒரு தட்டில் வெங்காயமும் மோர் மிளகாயும்.

“ஐயா, இன்னிக்கு உங்களுக்கு ரத்தம் எடுக்கோணும். சாப்பிடக் கூடாதுன்னு சொன்னமே?” என்றேன்.

ஏழுமலை நிதானமாக வாயைத் துடைத்தார். “நான் எங்கம்மா சாப்ட்டேன்? கூழு குடிக்கிறேன்.”

“கூழ் குடிக்கலாமுங்களா?”

“குடிக்காம? அஞ்சு மணிக்கெல்லாம் கழனிக்குப் போய்ட்டு வர்றேன். சாப்பாடு மத்தியானந்தான்.”

நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். “நேத்து நீங்க?”

“ரெண்டு சொம்பு குடிச்சிட்டுத்தான் வந்தேன். சாப்டல. சத்தியமா சாப்டல.”

சென்ற ஆண்டும் அப்படித்தான். ஊரே அப்படித்தான். புளித்த கேப்பை மாவில் நொய் போட்டுக் காய்ச்சிய கூழ், அது குடிப்பது. சாப்பிடுவது என்றால் சோறு. நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“கூழு குடிச்சா... அது சாப்ட்டதுல சேருமா மேடம்? நானே காலையில குடிச்சிட்டுத்தான் வந்தேன். டூட்டி முடிஞ்சு போய்தான் சாப்பிடுவேன்.”

கேப்பை மாவும் நொய்யும் கரைந்த இரண்டு சொம்பு உடம்புக்குள் போய் ஒன்றரை மணி நேரம். வெள்ளணுக்களின் அடுப்புக்கு விறகு வந்து சேர்ந்த நேரம். அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தை, முந்தின மாலை ஆறு மணியோடு வாயைக் கட்டிய தபால்காரரின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் நான் நாற்பது வயது, நாற்பது வயது என்று குதித்திருக்கிறேன்.

கோபம் வந்தது. முதலில் ஏழுமலை மேல், பிறகு ஸ்டெல்லா மேல். காருக்குத் திரும்பி நடப்பதற்குள் அது என் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மூன்றாவது கேள்வியை அழகாக எளிமைப்படுத்தியவள் நான்தானே. அன்று யாரிடமும் ரத்தம் எடுக்கவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் ஸ்டெல்லா. “ஃபாரத்துல சாப்ட்டீங்களான்னு கேட்டுருக்கு. இல்லன்னாங்க. நான் இல்லன்னு எழுதினேன். யாரும் பொய் சொல்லல. நம்ம மூணு பேருக்குந்தான் இது தெரியும். இன்னிக்கும் அப்டியே எடுத்துக்கினு போய்டலாம். உங்க வேல போயிடக் கூடாது மேடம்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் தொல்லை. ஏழுமலையையும் பச்சையம்மாளையும் கணக்கில் விட்டுவிட்டு, முருகனைத்தான் மூன்றாவது ஆளாகச் சேர்த்திருந்தார். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று தெரிந்தும் அப்படிச் சொன்னேன். எனக்கு அந்த வேலை வேண்டும்.

மத்தியானம் சும்மா கிடந்த என்னை முருகன் மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனார். வயல்களுக்கு நடுவே ஒரு பாறை, பாறையில் குடைந்த கோயில், வாசலில் இரண்டு கல் காவலர்கள். பல்லவ மன்னன் ஒருவன் குடைவித்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். என்னென்ன போட்டேன் என்று எழுதாமல், என்னென்ன போடவில்லை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறான். என் படிவத்தை இந்த ஆளிடம் கொடுத்திருந்தால் சரியாக எழுதியிருப்பான் என்று தோன்றியது. “இன்னா மேடம் சிரிக்கிறீங்க?” என்றார் முருகன். அந்தப் பாறை நிழலில் நின்றே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். நாளைக்குப் பத்துப் பேரும், நிஜமான வெறும் வயிற்றில், விடிந்தும் விடியாமல் என்றேன். “சரி மேடம்” என்றார்.

சாயங்காலம் ஊரில் பத்துப் பேரையும் நிற்க வைத்து ஸ்டெல்லா போட்ட உத்தரவை நான் மறக்க மாட்டேன். “நல்லாக் கேட்டுக்கோங்க. நாளைக்கு எழுந்ததும் சாப்பாடு கூடாது, கூழு கூடாது, கஞ்சி கூடாது, டீ கூடாது, காப்பி கூடாது. வெத்தல பாக்கும் கூடாது. தண்ணி மட்டுந்தான் குடிக்கணும்.”

“நீராகாரம்?” என்றார் ஏழுமலை.

“அதுவும் கூடாது!”

“பழைய சோத்துத் தண்ணி தானேம்மா அது? தண்ணின்னு நீதான சொன்ன?”

நான் அதையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்துப் பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். பச்சையம்மாள் கையை நீட்டும்போது, “வெறும் வயித்துல கை காலே ஓடல. இன்னா சோதனயோ” என்றார். எடுத்து முடித்த மறு நிமிடம் எல்லோரும் கூழுக்கு ஓடினார்கள். முருகன் அன்று நான்கு டயரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துத் திண்டிவனம் சேர்ந்தோம். முக்கியமான நாட்களில் மட்டும் எந்தத் தடங்கலும் வருவதில்லை.

மத்தியானத்துக்குமேல் எண்கள் வரத் தொடங்கின. முதல் மூன்றைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பத்தும் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். பச்சையம்மாளின் எண் ஜெர்மானியத் தபால்காரரின் எண்ணுக்குப் பக்கத்தில், கைகோத்து நிற்கிற தூரத்தில் இருந்தது. எழுபத்தாறு வயதுக்கு என்ன உண்டோ அதுதான். அழுகை வந்தது. கருவி இருந்த அறையில் ஈரம் படக் கூடாது என்பதால் வெளியே போய் அழுதேன்.

என் பேராசிரியரைத் தொலைபேசியில் பிடித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். “கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்” என்றார்.

“ஆமாம்.”

“ஒப்பந்தத்தைப் பற்றி நான் பேசிப் பார்க்கிறேன். நம்பிக்கை தர மாட்டேன்.”

“தெரியும்.”

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். “அந்தப் பானத்தின் பெயர் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டார். கூழைப் பானம் என்பதா உணவு என்பதா என்று எனக்கும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. இருபது நிமிடம் விளக்கினேன். முடிவில் அவர், “அதாவது அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள்” என்றார். சாப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் ஊருக்குப் போனேன். கையை நீட்டியவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. பச்சையம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னா ஆச்சு, எரியுதா, பொகையுதா?”

“உங்க வயசுக்கு எப்படி எரியோணுமோ அப்படி எரியுதுங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“செவ்வாக்கெழம நல்லா எரியுதுன்னியே?”

“அன்னிக்குக் கூழ் குடிச்சிருந்தீங்க.”

“நேத்து பட்டினி போட்ட. அப்பறம் எப்டி எரியும்?” என்று என்னைக் கடிந்துகொண்டார். என் படிவத்தால் அவருடைய நல்ல பெயர் கெட்டுவிட்டதில் அவருக்கு நிஜமாகவே வருத்தம். உள்ளே போய் ஒரு சொம்பு நிறையக் கூழ் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மோர் விட்டுக் கரைத்தது. மோர் மிளகாயைக் கடித்துக் கடித்துக் குடித்தேன். பாதி குடித்ததும் மறுபடி ஊற்றினார். வயிறு முட்டிவிட்டது. ஸ்டெல்லா காருக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் மிச்சமிருந்த கோபமும் போன இடம் தெரியவில்லை.

கைப்பேசி அடித்தது. அம்மா. வேலை நிலைக்காது என்று முந்தின மாலையே சொல்லியிருந்தேன். இருந்தாலும் கேள்வி வரிசை மாறவில்லை.

“சாப்ட்டயா கண்ணு?”

“இல்லம்மா, இன்னும் இல்ல” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. காலிச் சொம்பு இன்னும் என் கையில் இருந்தது.